மறுமொழி: ஸ்டாக் வென்டிலேஷன் – 'அடுக்கு' வேண்டாம், 'நெடுக்கு' சரிவரும்

நண்பர்களுக்கு வணக்கம்.

சூடான காற்றுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் உள்ள எடை வேறுபாட்டால், விசிறி இல்லாமல், கட்டடத்தின் உயரமான கூண்டு வழியே காற்றை ஓடவைக்கும் முறைதான் ஸ்டாக் வென்டிலேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸ்டாக் வென்டிலேஷனுக்கு 'அடுக்குக் காற்றோட்டம்' என்றே இருந்துவிட்டுப் போகட்டும், மொழிபெயர்ப்புக் கருவிகளும் அப்படித்தான் தருகின்றன, பழகினால் சரியாகிவிடும் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஸ்டாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடுக்கு, குவியல் என்ற பொருளும் உண்டு, ஆலைகளில் நிற்கும் உயரமான புகைக்கூண்டு என்ற பொருளும் உண்டு. கட்டடக்கலையில் வருவது இரண்டாவது. 'அடுக்குக் காற்றோட்டம்' என்று படிக்கிற மாணவர் மாடிக்கு மாடி காற்று தனித்தனியாக ஓடுகிறது என்றுதான் நினைப்பார். நடப்பது நேர் எதிர்: எல்லா மாடிகளையும் ஓர் உயரமான திறந்த இடைவெளி இணைக்கிறது, காற்று அதன் வழியாகப் போகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் அறைக்குள் சூடான காற்று மேலேயும் குளிர்ந்தது கீழேயும் படலம் படலமாக நிற்பதைச் சொல்ல நமக்கு 'வெப்ப அடுக்கமைவு' தேவைப்படும். அந்த இடத்துக்கு 'அடுக்கு' அவ்வளவு பொருத்தம். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது?

சொல்லைத் தேடும் முன் நடப்பதைப் பார்த்துவிடலாம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.20 கிலோ, 30 டிகிரியில் 1.16 கிலோ. 10 மீட்டர் உயரமுள்ள ஒரு கூண்டுக்குள் 30 டிகிரிக் காற்றும் வெளியே 20 டிகிரிக் காற்றும் இருந்தால், இந்தச் சின்ன எடை வேறுபாடு சேர்ந்து சுமார் 4 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், சாதாரண 80 கிராம் ஏ4 தாள் ஐந்தை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், அவை மேசையை அழுத்தும் அழுத்தம் அவ்வளவுதான். குழாய்களில் காற்றைத் தள்ளும் மின்விசிறிகள் இதைப்போலப் பல பத்து மடங்கு தரும். அதனால்தான் இந்த முறையில் திறப்புகள் மிகப் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது, காற்று போகும் பாதையில் ஒரு தடுப்புச் சுவரோ எப்போதும் மூடியே கிடக்கும் ஒரு கதவோ வந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தமும் இரண்டு மடங்கு, வெப்பநிலை வேறுபாடு கூடினாலும் அப்படியே. ஆக இதன் உயிர் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. சொல் அவற்றில் ஒன்றையாவது தொட்டுக்காட்ட வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

சரி, சொற்களை அகராதியில் வைத்துச் சோதிப்பதைவிட நிஜமான கட்டடங்களில் வைத்துச் சோதிக்கலாம். இதற்கு இங்கிலாந்தில் ஆலன் ஷார்ட் என்பவரின் கட்டடக்கலை நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன். மால்டா தீவில் ஒரு மதுவடிப்பாலையை இயற்கைக் காற்றோட்டத்தால் குளிர வைத்துக் காட்டியவர்கள், அதே சிந்தனையைக் கல்லூரி வளாகங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஷார்ட் பின்னாளில் கேம்பிரிட்ஜில் கட்டடக்கலைப் பேராசிரியரும் ஆனார்.

முதலாவது லெஸ்டர் நகரில் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் குவீன்ஸ் கட்டடம், 1993. அப்போது அந்த நிறுவனத்தின் பெயர் ஷார்ட் ஃபோர்டு, பொறியியல் பணி மேக்ஸ் ஃபோர்டம் நிறுவனத்துடையது. சுமார் 10,000 சதுர மீட்டர், பொறியியல் துறைக்கானது, அதாவது கணினிகளும் இயந்திரங்களும் விரிவுரை அரங்கில் நிறைந்திருக்கும் மாணவர்களும் சேர்ந்து வெப்பத்தைக் கொட்டும் இடம். குளிர்சாதனம் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். இவர்கள் கனமான செங்கல் சுவர்களை எழுப்பி, கூரைக்கு மேல் செங்கல் கூண்டுகளை நிறுத்தினார்கள், அரங்கின் இருக்கைகளுக்கு அடியில் நுழையும் காற்று ஆட்களின் சூட்டால் சூடாகி அந்தக் கூண்டுகள் வழியே போய்விடும். ஒல்லியான இரண்டு ஆய்வகச் சிறகுகளில் மட்டும் காற்று ஒருபக்கச் சாளரத்தில் நுழைந்து மறுபக்கம் போகிறது. ஒரே கட்டடத்தில் இரண்டு வகையும் அருகருகே இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டாவது கவென்ட்ரி பல்கலைக்கழக நூலகம், 2000இல் திறந்தது, பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் பெயரால் அழைக்கப்படுகிறது. பக்கத்திலேயே நகரின் சுற்றுச்சாலை, ஓயாத வண்டிச் சத்தம். ஜன்னலைத் திறந்து வைத்துப் படிக்க முடியாது. போதாக்குறைக்குக் கட்டடம் 50 மீட்டருக்கு 50 மீட்டர் சதுரம், நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுவரோர ஜன்னலால் எந்தப் பயனும் இல்லை. இதற்கும் மேலிருந்து கீழ்வரை ஓடும் திறந்த இடைவெளிகளையே நம்பினார்கள்.

மூன்றாவதுதான் நம் விவாதத்தைத் தீர்த்துவைக்கும் கட்டடம் என்று நினைக்கிறேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஸ்லாவிய, கிழக்கு ஐரோப்பிய ஆய்வுகள் பள்ளி, 2005. லண்டனின் நடுவில் இரவிலும் வெப்பம் போதிய அளவு இறங்குவதில்லை, நகரமே சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்கிறது, அதனால் இரவுக் காற்றை உள்ளே விட்டுச் சுவர்களைக் குளிரவைக்கும் வழக்கமான வழி அங்கே போதவில்லை. இவர்கள் கட்டடத்தின் நடுவில் உள்ள ஒளிக்கிணற்றின் (மேலிருந்து வெளிச்சம் இறங்க எல்லாத் தளங்களையும் ஊடுருவி விட்ட இடைவெளி) உச்சியில் குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள்களை வைத்தார்கள். கோடையில் அந்தச் சுருள்களைத் தொட்ட காற்று கனத்து, விசிறியே இல்லாமல், தானாகக் கிணற்றில் இறங்கி ஒவ்வொரு தளத்துக்கும் போகிறது. குளிர்காலத்தில் அதே கிணற்றில் கீழிருந்து நுழையும் காற்று மேலே ஏறுகிறது. பாதை ஒன்று, திசை மட்டும் பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது.

இப்போது இங்கே வந்த சொற்களைப் பார்க்கலாம்.

> ஏறுகாற்றோட்டம், எழுகாற்றோட்டம்

ஓசை நன்றாக இருக்கிறது. லெஸ்டருக்கும் கவென்ட்ரிக்கும் சரியாகப் பொருந்துகிறது, லண்டன் கோடையில் உடைந்துவிடுகிறது. நம் ஊருக்கே வாருங்கள். சென்னையில் மே மாத மதியம் வெளியே 39 டிகிரி, தடித்த சுவருள்ள பழைய கட்டடத்தின் உள்ளே 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்றுதான் கனம், அது கீழ்வழியாக வெளியே வடியும், கொதிக்கும் காற்று மேலேயிருந்து உள்ளே இறங்கும். அதனால்தான் அந்த நேரத்தில் மேல் திறப்புகளை மூடி, இரவில் திறக்க வேண்டும். பொதுச்சொல்லிலேயே 'ஏறு' என்று வைத்துவிட்டால் இந்த முக்கியமான எச்சரிக்கை மாணவருக்கு எட்டாமலே போய்விடும். திசையைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஏறுவளி', 'இறங்குவளி' என்று பயன்படுத்தலாம், அந்த அளவில் இவை எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன.

> சிம்னி விளைவு என்றால் எல்லாருக்கும் புரியுமே

தம்பி, அரிக்கேன் விளக்கின் சிம்னி மட்டும் நினைவிலிருந்த காலத்தில் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். அந்தக் கண்ணாடிக் கூண்டு செய்வது இதே வேலைதான். ஆனால் இன்று நம் வீடுகளில் சிம்னி என்றால் அடுப்புக்கு மேலே மோட்டார் ஓடும் பெட்டி. மோட்டார் இல்லாமல் காற்றை நகர்த்தும் முறைக்கு அந்தப் பெயரை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

'இழுப்பு' என்று அக்கா எழுதியிருந்தது உயிருள்ள சொல். அடுப்பு இழுக்கிறது, சூளை இழுக்கவில்லை என்று தொழில் செய்கிறவர்கள் சொல்வது காதில் விழுகிறது. மூச்சிரைப்பு நோய்க்கும் அதே சொல் என்பது பெரிய தடையில்லை. இழுவை, இழுவிசை எல்லாம் இயற்பியலில் ஏற்கெனவே வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் தயக்கம். விளைவின் பெயராக வேண்டாம், விளக்கும் வினையாக வைத்துக்கொள்வோம்: 'கூண்டு காற்றை இழுக்கிறது' என்று தாராளமாக எழுதலாம்.

அடுத்து 'காலதர்'. ஐயா இதை முன்வைத்தபோதே மகிழ்ந்தேன். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளை 'மான்கண் காலதர் மாளிகை' என்கிறது. ஆனால் ஐயா, அங்கே அது சாளரத்தைக் குறிக்கிறது, சுவரில் உள்ள ஒரு திறப்பை. முழுக் காற்றோட்ட முறைக்கும் அதைப் போர்த்துவதைவிட, சொல் பிறந்த பொருளுக்கு அருகிலேயே பயன்படுத்தலாமே. கொத்தனார்கள் வென்டிலேட்டர் என்கிற, காற்று நுழையவும் போகவும் வைக்கும் திறப்புக்கு நம்மிடம் நல்ல சொல் இல்லை. அதற்குக் 'காலதர்' என்று வைத்தால் ஈராயிரம் ஆண்டுச் சொல் ஒன்று கட்டட வரைபடத்தில் மீண்டும் ஏறும்.

இனி என் பரிந்துரை. குவீன்ஸ் கட்டடத்தில் இரண்டு வகையும் இருக்கின்றன என்றேன் அல்லவா? ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போவதைக் 'குறுக்குக் காற்றோட்டம்' என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம், யாருக்கும் அதில் சண்டையில்லை. அதன் இணையை 'நெடுக்குக் காற்றோட்டம்' என்று வைக்கலாம். குறுக்கும் நெடுக்கும் தமிழில் பிரியாத சோடி, ஒன்றைக் கேட்டதும் மற்றொன்று தானாக நினைவுக்கு வரும். 'நெடு' உயரத்தையும் தருகிறது, நெடுமரம் என்கிறோமே. ஏறுவதா இறங்குவதா என்று அது சொல்வதில்லை, லண்டன் கட்டடத்துக்கும் சென்னை மதியத்துக்கும் அப்படியே நிற்கும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தெரிகிறது. வரைபடத்தில் 'நெடுக்குவெட்டு' என்றால் கட்டடத்தின் நீளவாக்கில் வெட்டியது, ஆகவே நெடுக்குக் காற்றோட்டத்தை நீண்ட தாழ்வாரத்தில் ஓடும் காற்று என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்பீர்கள். நியாயமான கேள்விதான். 'செங்குத்துக் காற்றோட்டம்' என்றால் அந்த ஐயம் எழாது, இலங்கை நண்பர்கள் 'நிலைக்குத்து' என்பார்கள். ஆனால் அங்கேயே நாம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறோம், நெடுக்கு இரு கரைக்கும் பொது. அட்டவணையில் மேலிருந்து கீழே வருவதை நெடுக்கு வரிசை என்றுதானே சொல்கிறோம். நீளவாக்கில் ஓடும் காற்றுக்குத் தனிச்சொல் கேட்கிற அளவுக்குத் தேவை வந்ததும் இல்லை.

ஸ்டாக் என்ற உறுப்புக்கு 'வளிக்கூண்டு'. புகைக்கூண்டில் புகைக்குப் பதில் வளி, அவ்வளவுதான். வளி என்பது இலங்கைப் பாடநூல்களில் காற்றுக்கு இயல்பான சொல், இங்கேயும் வளிமண்டலம் படிக்காதவர் இல்லை. 'வளிபோக்கி' என்று வந்த பரிந்துரை வெளியேற்றுவதை மட்டும் சொல்கிறது, காற்று இறங்கும் கூண்டுக்கு ஒத்துவராது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி நூலகத்தில் கூரையோரத் திறப்புகள் அத்தனையையும் புறா வருகிறது, தூசி வருகிறது என்று பலகை அடித்து மூடிவிட்டார்கள். அடித்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தத் திறப்பு எதற்கு என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்லவில்லை, வலை அடித்திருந்தாலே போதும். இந்தச் சொற்கள் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய தமிழ்வழிக் கட்டடப் பொறியியல் வகுப்புக்கு மட்டுமல்ல, கட்டடத்தைப் பராமரிக்கிற மேற்பார்வையாளருக்கும் வேண்டும். 4 பாஸ்கலை நம்பி நிற்கும் கட்டடத்தில் ஒரு பலகை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கவென்ட்ரி நூலகத்தை இந்தச் சொற்களால் எழுதிப் பார்த்தேன்:

"வெளிக்காற்று தரைத்தளத்துக்கு அடியில் உள்ள காற்றறையில் நுழைந்து, நான்கு ஒளிக்கிணறுகள் வழியே ஏறி, காலதர்கள் மூலம் ஒவ்வொரு தளத்திலும் பரவுகிறது. ஆட்களாலும் கருவிகளாலும் சூடானபின் நடுமுற்றத்தின் உச்சி வழியாகவும் சுவரோர வளிக்கூண்டுகள் வழியாகவும் வெளியேறுகிறது. 50 மீட்டர் அகலத்துக்குக் குறுக்குக் காற்றோட்டம் எட்டாது என்பதால் இங்கே நெடுக்குக் காற்றோட்டமே முழு வேலையையும் பார்க்கிறது. கோடை இரவுகளில் காலதர்களைத் திறந்து வைத்துக் கான்கிரீட் கூரைத்தளங்களைக் குளிரவைக்கிறார்கள்."

எங்கும் கல் தடுக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. நெடுக்கை ஏற்காதவர்கள் இதே பத்தியில் உங்கள் சொல்லைப் போட்டு எழுதி அனுப்புங்கள், லண்டன் கட்டடத்துக்கும் ஒரு பத்தி சேர்த்து. இரண்டையும் தாங்குகிற வேறு சொல் வந்தால் நான் நெடுக்கை விட்டுவிடுகிறேன். 'காற்றறை' மட்டும் எனக்கே முழு நிறைவாக இல்லை, பிளீனத்துக்கு, அதாவது காற்று பரவும் முன் வந்து சேரும் அந்த அறைக்கு, வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.