ஆராய்ச்சிக் கணினி வேலையிலேயே நீடிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒன்பது ஆண்டுகளாக சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். இயற்பியல், வேதியியல் துறைகளின் 24 நோடு கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த 24 கணினிகள்) என் பொறுப்பு. ஒப்பந்த வேலைதான். திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும்.

எல்லா நோடும் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகின்றன. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டது. ராக்கி லினக்ஸ் 9-க்கு மாற வேண்டும், கூடவே நோடுகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டார்க் (Torque) மென்பொருளை விட்டு ஸ்லர்முக்கும் (Slurm). ஆனால் மாணவர்களின் கணக்கீடுகள் வாரக்கணக்கில் ஓடுபவை. போன மாதம் இரவில் ஏசி நின்றுபோய், நோடுகள் சூடேறி ஒவ்வொன்றாக அணைந்தன. ஆறு நாள் ஓடிய கணக்கீடு போய்விட்டது. அந்த ஆராய்ச்சி மாணவி காலையில் சர்வர் அறை வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றார். செக்பாயின்ட் எடுக்க, அதாவது கணக்கீட்டை இடையிடையே சேமித்துவைக்க, முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அது இன்னும் உறுத்துகிறது.

பாதி நோடுகளை மட்டும் முதலில் மாற்றி, ஒரே ஹோம் டைரக்டரியோடு (பயனர்களின் கோப்புகள் இருக்கும் இடம்) பழையது, புதியது இரண்டையும் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? பழைய நிரல்களை அப்டெய்னர் என்ற கண்டெய்னர் மென்பொருளுக்குள் வைத்தால் எம்பிஐ (நோடுகளுக்கிடையே தரவு பரிமாறும் முறை) வேகம் குறைகிறதா?

அப்புறம் இன்னொன்று. ஒரு கிளவுட் நிறுவனம் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு அழைக்கிறது. எனக்கோ இந்த வேலைதான் பிடித்திருக்கிறது. ஒரு மாணவரின் ஆய்வுக்கட்டுரை வெளிவரும்போது அதில் என் உழைப்பும் இருக்கிறது. ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் இதே வேலையில் இருப்பவர்கள், நிரந்தரப் பணி எப்படிக் கிடைத்தது, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். இந்த மாத இறுதிக்குள் அந்த கிளவுட் நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.