துறப்பணம் என்று நினைத்து வாங்கியது

உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடை. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பங்களா ஒன்றில் கழித்த சாமான் என்று ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மரக் கைப்பிடி, அதன் ஒரு முனையில் நாலைந்து மயிர் மட்டும் மிஞ்சிய பிரஷ், கீழே சுருள் கம்பி. "மரத்துல ஓட்ட போடற துறப்பணமுங்க" என்றார் கடைக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.

அதிலிருந்த ஒன்றுதான் புரியவில்லை. சுருள் தொடங்கும் இடத்தில் பொத்தான் மாதிரி ஓர் இரும்பு வில்லை. அடிப்பக்கம் சற்றுக் குழிந்து வரிவரியாக இருந்தது. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தக்கை எடுக்கறதுங்ணா. வில்ல போயித் தக்க மேல உக்காந்துட்டா கம்பி அதுக்கு மேல எறங்காது. அப்புறந் திருகினா தக்கையே சேந்து சுத்துமுங்க. கண்ணாடில ஒட்டுன பிடி உட்டுப்போகும்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது அத்தனையும் 1795-இல் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலப் பாதிரியார் வாங்கிய காப்புரிமை! இங்கிலாந்தில் தக்கைத் திருகிக்குக் கொடுத்த முதல் காப்புரிமை அதுதான். பிரஷ், பாட்டில் வாயில் படிந்த தூசியைத் தட்டுவதற்கு. அந்த மனிதர் யோசித்ததைப் பட்டறைக்காரர் ஒருவர் கையில் வாங்கிய ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அம்மாயி விட்டுப்போன விளக்கெண்ணெய் பாட்டில் ஒன்று, தக்கை இறுகி வருஷக்கணக்காகத் திறக்காமல் கிடந்தது. அதில்தான் சோதித்தேன். வில்லை தக்கையைத் தொட்டதும் ஒரு பிடிப்பு. இன்னும் அரைச் சுற்று, "கடக்" என்று ஒரு சத்தம். உடையாமல் முழுசாக வந்தது.

வில்லை இருந்தாலே ஹென்ஷால் காலத்துச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குக் காப்புரிமை 14 வருஷம்தான். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தார்கள். பர்மிங்ஹாம் சோஹோ பட்டறையில் செய்த அசலில், வில்லை மேலேயே 'சோஹோ பேட்டன்ட்' என்று எழுத்து இருக்கும். என்னுடையதில் எழுத்தே இல்லை. பின்னால் செய்ததாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு ஒரு குறையுமில்லை.

இதைத் தேய்க்காமல் துருவோடு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு குன்னூரில் ஒரு தாமசன் வகை கிடைத்தது. எட்வர்ட் தாமசன் 1802-இல் காப்புரிமை வாங்கியது: உள்ளே ஒரு மரை, வெளியே ஒரு மரை. ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே இருந்தால் முதலில் கம்பி இறங்கும், பிறகு தக்கை தானாக மேலேறி வரும். அதன் பித்தளைக் குழலில் அரசு முத்திரைத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. பளபளப்பாக இருக்கட்டுமே என்று பாலிஷுக்குக் கொடுத்தேன். பஃப் போட்டுத் திரும்பி வந்தபோது எழுத்தெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. இன்றைக்கும் அதைக் கையில் எடுத்தால் வயிறு எரிகிறது.

வால்பாறை, குன்னூர், ஏற்காடு பக்கம் பங்களா சாமான் கழிக்கும்போது இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் வில்லையையும் குழலையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள்.