குடும்பத்தில் இறப்பு: 24 மணி நேரத்துக்குள் கிளம்ப விமான டிக்கெட் எப்படி எடுப்பது?

வெண்பறவை:
நெருங்கிய உறவில் ஒரு மரணம். இரண்டு பெரியவர்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. வெளிநாட்டுப் பயணம், நேரடி விமானம் கிடையாது. இன்று இரவு அல்லது நாளை காலைக்குள் கிளம்பியாக வேண்டும், திரும்பும் தேதி இப்போது சொல்ல முடியாது. எல்லாத் தளங்களிலும் விலை தாறுமாறாக இருக்கிறது. இறப்புக்காகச் சலுகைக் கட்டணம் உண்டு என்கிறார்களே, அது நிஜமா? ரிட்டர்ன் சேர்த்து எடுப்பதா, ஒன்வே போதுமா? பயணத்தை நடுவழியில் இரண்டு தனி டிக்கெட்டாகப் பிரித்தால் பாதி விலைக்கு வருகிறது, அப்படிப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டணக்கணக்கு:
ஆழ்ந்த இரங்கல். நேரம் இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே எகானமி இருக்கைக்குப் பத்துப் பன்னிரண்டு விலைப்படிகள் இருக்கும். கீழ்ப்படிகளில் பலவற்றுக்கு 21 நாள், 14 நாள், 7 நாள் முன்னதாக வாங்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அந்த நாள் கடந்ததும் விமானம் காலியாகக் கிடந்தாலும் அந்தப் படி மூடிவிடும். அதனால் பிரைவேட் விண்டோவில் தேடுவது, குக்கீயை அழிப்பது, நள்ளிரவு வரை காத்திருப்பது எதுவும் உதவாது. விமான நிலையக் கவுன்டரில் போய் நின்றால் மிச்ச சீட்டை மலிவாகத் தருவார்கள் என்பதும் பழங்காலத்துக் கதை. கவுன்டருக்கும் அதே விலைதான் தெரியும், சில இடங்களில் சேவைக் கட்டணம் வேறு சேரும்.

உங்கள் கையில் இருப்பது வேறு. முதலில், இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடாதீர்கள், ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். கீழ்ப்படியில் ஒரே ஒரு சீட்டு பாக்கி இருந்தால், இருவர் என்று போட்டதும் கணினி இருவருக்கும் மேல்படி விலையைத்தான் போடும். ஒருவருக்கு விலை குறைவாக வந்தால் இரண்டு தனி முன்பதிவாக எடுங்கள், குழந்தையை ஏதாவது ஒரு பெரியவரின் பிஎன்ஆரில் (முன்பதிவு எண்) சேருங்கள். இரண்டு வயதுக்குக் கீழே மடியில் உட்காரும் குழந்தைக்கு, சர்வதேசப் பயணத்தில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீத அளவுதான் வரும். ஆனால் திரும்பி வருவதற்குள் இரண்டு வயது முடிந்துவிட்டால் ரிட்டர்னுக்குத் தனி சீட்டு வாங்க வேண்டும். பிரித்து எடுத்த பிறகு கஸ்டமர் கேருக்கு அழைத்து, இரண்டு பிஎன்ஆரும் ஒரே குடும்பம் என்று குறிப்பு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விமானம் ரத்தானால் உங்களை ஆளுக்கொரு விமானத்தில் மாற்றிவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, விமான நிலையங்கள். கூகுள் ஃப்ளைட்ஸில் புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் ஏழு நிலையங்கள் வரை ஒன்றாகப் போட்டுத் தேடலாம். ரயிலிலோ பேருந்திலோ நாலைந்து மணி நேரத்தில் அடையக்கூடிய நிலையங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். கடைசி நேரத்தில் பெரிய வித்தியாசம் இங்கேதான் வரும், ஏனென்றால் ஒரு ஊருக்கு விமானம் நிரம்பிவிட்டாலும் பக்கத்து ஊருக்கு நிரம்பியிருக்காது. அந்தத் தரைவழிப் பயணத்துக்கு ஆகும் நேரத்தை மட்டும் இறுதிச் சடங்கு நேரத்தோடு ஒட்டிப் பாருங்கள்.

ரிட்டர்ன் விஷயத்தில் பொதுவிதி கிடையாது, இரண்டையும் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பல பெரிய நிறுவனங்களில் சர்வதேச ஒன்வே, ரிட்டர்னை விட அதிக விலைக்கு இருக்கும். மலிவு விமானங்களில் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலை. ஒன்வே நியாயமாக வந்தால் அதை எடுங்கள். திரும்பும் தேதி தெரிந்ததும் இரண்டு மூன்று வாரம் முன்னதாக வாங்கினால் மூடிய கீழ்ப்படிகள் மறுபடி கிடைக்கும். ஆனால் விசிட்டர் விசாவில் போகிறவர்களிடம் திரும்பும் டிக்கெட் எங்கே என்று செக்-இன் கவுன்டரிலேயே கேட்கலாம். ரிட்டர்ன் எடுத்தால் இரண்டைக் கட்டண விதியில் படியுங்கள்: தேதி மாற்ற அனுமதி உண்டா, அதிகபட்சம் எத்தனை நாள் தங்கலாம். ‘மாற்றக் கட்டணம் இல்லை’ என்று போட்டிருந்தாலும் விலை வித்தியாசம் கட்டத்தான் வேண்டும். எல்லாவற்றிலும் மலிவான ‘பேசிக்’ டிக்கெட்டில் பெரும்பாலும் மாற்றவே விடமாட்டார்கள்.

போகும் பயணத்தைத் தவறவிட்டு வரும் பயணத்தை மட்டும் பயன்படுத்த முடியாது, இது கட்டாயம் நினைவில் இருக்கட்டும். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக ரத்தாகும். ஏற முடியாத நிலை வந்தால் விமானம் கிளம்பும் முன்பே அழைத்துச் சொல்லுங்கள்.

வானொலி:
சலுகைக் கட்டணம் பற்றி. உண்டு, ஆனால் மிகச் சில நிறுவனங்களில்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், யுனைடெட் இரண்டும் 2014-லேயே நிறுத்திவிட்டன. டெல்டாவிலும் ஏர் கனடாவிலும் இருக்கிறது. இணையதளத்தில் முன்பதிவு செய்ய முடியாது, தொலைபேசியில்தான் கேட்க வேண்டும். டெல்டாவில் ஸ்கைமைல்ஸ் என்ற அவர்களது பயணிகள் திட்டத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், அதில் சேர்வது இலவசம்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். இந்தச் சலுகையைப் பல நேரம் முழு விலை டிக்கெட்டில்தான் கழிப்பார்கள். அதனால் இணையத்தில் தெரியும் மலிவான விலை இதைவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும். அப்படி இருக்கலாம் என்று டெல்டாவே சொல்கிறது. இதன் உண்மையான பயன், தேதியைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். திரும்பும் தேதி தெரியாத உங்களுக்கு அதற்கே மதிப்பு உண்டு. ஆகவே ஒரு கையில் இணையத் தேடல், மறு கையில் தொலைபேசி என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள், தொலைபேசிக்காகக் காத்திருந்து இணையத்தில் இருக்கும் சீட்டை விட்டுவிடாதீர்கள்.

அழைக்கும்போது இவற்றைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இறந்தவரின் முழுப்பெயர், உங்களுக்கு என்ன உறவு, இறுதிச் சடங்கு நடக்கும் இடம், நாள், அங்கே பொறுப்பில் இருப்பவரின் அல்லது மருத்துவமனையின் தொலைபேசி எண். இறப்புச் சான்றிதழ் உடனே கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும், பின்னால் அனுப்ப எவ்வளவு அவகாசம் என்று கேளுங்கள். உறவுப் பட்டியல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. மாமனார், மருமகள், தாத்தா பாட்டி பெரும்பாலும் இருப்பார்கள், அத்தை பிள்ளை, சித்தப்பா மகன் வகை உறவுகளில்தான் இழுபறி.

முழு விலை கொடுத்துப் போய்விட்டு, பிறகு மனு போட்டுச் சலுகையை வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏர் கனடா வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 90 நாளுக்குள் மனு செய்தால் வித்தியாசத்தைத் திரும்பப் பெறலாம் என்று அவர்களது சாட்பாட் ஒரு பயணியிடம் சொல்லிவிட்டது. பயணம் முடிந்தபின் தர முடியாது என்பதே நிறுவனத்தின் விதி. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் சாட்பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 650 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. ஜெயித்தார், சரி. ஆனால் அதற்காகத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. எதைச் சொன்னாலும் மின்னஞ்சலில் கேளுங்கள், சாட் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இன்னொன்று, தேடுபொறியில் மேலே வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்களை நம்ப வேண்டாம். அதில் போலி எண்கள் ஏராளம், பதற்றத்தில் இருப்பவர்களைக் குறிவைத்தே போடுகிறார்கள். எண்ணை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ எடுங்கள்.

காற்றுவழி:
நடுவழியில் இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து எடுப்பது பற்றி: தாராளமாகப் போகலாம், மிச்சமாகும் பணம் சின்னதல்ல. நடுவில் ஆறு மணி நேரம் இடைவெளி வைத்தால் பயம் இல்லை.

கட்டணக்கணக்கு:
@காற்றுவழி, கைப்பையோடு போகும் தனி ஆளுக்கு நீங்கள் சொல்வது சரி. குழந்தையும் லக்கேஜும் உள்ள குடும்பத்துக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு முதல் விமானம் தாமதமானது பற்றி அக்கறையே இல்லை. தவறவிட்டால் ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு டிக்கெட்டைக் காலி செய்துவிடுவார்கள். அப்போது இன்னொரு கடைசி நேர டிக்கெட், இன்னொரு முழு விலை. ஒரே டிக்கெட்டில் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

பணத்தை விட விசாதான் பெரிய சிக்கல். லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டும் என்றால் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால் ஒரே டிக்கெட் என்றாலும் குடியேற்றத்தைக் கடந்தே ஆக வேண்டும், அங்கே உள்ளேயே இருந்து மாறும் வசதி இல்லை. ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) நிறையப் பேர் மாட்டுவது இப்படி: இரண்டு ஷெங்கன் நிலையங்கள் வழியாகப் போகும் டிக்கெட் மலிவாக வரும். அந்த இரண்டுக்கும் இடையிலான பயணம் உள்நாட்டுப் பயணம் போலக் கணக்காகும், ஆகவே முதல் நிலையத்திலேயே ஷெங்கன் விசா கேட்பார்கள். விசா இல்லாவிட்டால் புறப்படும் ஊரின் கவுன்டரிலேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள், ரீஃபண்டும் கிடையாது. தேடல் தளங்கள் பெரும்பாலும் இதையெல்லாம் பார்த்து எச்சரிப்பதில்லை.

பிரித்தே தீர வேண்டும் என்றால் போகும் வழியில் வேண்டாம், திரும்பும் வழியில் பிரியுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் அப்போது பெரிதாகக் கெட்டுப்போகாது.

வெண்பறவை:
நன்றி. கிரெடிட் கார்டில் பாயின்ட் நிறையச் சேர்ந்திருக்கிறது. அதை இப்போது பயன்படுத்த முடியுமா?

மைல்கல்:
முடியும், கார்டு பாயின்ட்டை மைல்ஸாக, அதாவது விமான நிறுவனத்தின் பாயின்ட்டாக மாற்றி. கடைசி நேரத்தில் மைல்ஸுக்கு மதிப்பு அதிகம். மைல் விலையை நிலையான பட்டியல்படி வைத்திருக்கும் திட்டங்களில், காசு விலை மூன்று மடங்கானாலும் மைல் கணக்கு மாறாது. விற்காத சீட்டுகளைக் கடைசி சில நாட்களில் மைல்ஸுக்குத் திறந்துவிடும் நிறுவனங்களும் உண்டு, பிசினஸ் வகுப்பில்கூட.

ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் விமான நிறுவனத்தின் தளத்தில் மைல்ஸ் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகே பாயின்ட்டை மாற்றுங்கள். கார்டிலிருந்து மைல்ஸாக மாற்றிவிட்டால் திரும்பப் பெற முடியாது. சில விமான நிறுவனங்களுக்கு நிமிடங்களில் போய்விடும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இன்று கிளம்ப வேண்டியவருக்கு இரண்டாவது வகை பயனில்லை. ஒரே கூட்டணியில் உள்ள வேறு நிறுவனத்தின் மைல்ஸ் வைத்தும் அதே விமானத்தை எடுக்கலாம், எனவே மாற்றும் வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மைல்ஸில் உறவினருக்கும் எடுக்கலாம். சில திட்டங்களில் மட்டும் அவர் பெயரை முன்பே பதிந்திருக்க வேண்டும், சிலவற்றில் பதிந்த பிறகு காத்திருப்புக் காலமும் உண்டு.

திரும்பும் பயணத்துக்கு மைல்ஸ் இன்னும் பொருத்தம். ரத்து செய்தால் பல திட்டங்களில் சிறு கட்டணத்தோடு, சிலவற்றில் கட்டணமே இல்லாமல், மைல்ஸ் திரும்பி வந்துவிடும். வரியும் எரிபொருள் கட்டணமும் காசாகக் கட்ட வேண்டும், அது சில நிறுவனங்களில் எரிச்சல் வரும் அளவுக்கு இருக்கும்.

வானொலி:
விட்டுப்போன சில விஷயங்கள்.

இடைத்தரகர் தளத்தில் எடுத்தால் ‘கன்ஃபர்ம்ட்’ என்ற மின்னஞ்சலோடு திருப்தி அடைய வேண்டாம். பிஎன்ஆர் வந்தால் சீட்டு பிடிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம், டிக்கெட் வெளியாகிவிட்டது என்று அர்த்தமல்ல. 13 இலக்க இ-டிக்கெட் எண் வர வேண்டும், முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறியீடு (எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618). பன்னிரண்டு மணி நேரத்தில் கிளம்பும் டிக்கெட், பெரிய தொகை என்றால் மோசடிச் சோதனை என்று சில தளங்கள் மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும். அந்த அவசரத்துக்கு நிறுவனத்தின் சொந்தத் தளமே மேல், விலை கொஞ்சம் கூடினாலும். வங்கிக்கு முன்கூட்டியே அழைத்து, பெரிய தொகை போகப்போகிறது என்று சொல்லிவிடுங்கள், கார்டு முடங்குவது இந்த நேரத்தில் வழக்கம். முடிந்தவரை பயணிப்பவரின் கார்டிலேயே கட்டுங்கள், சில நிறுவனங்கள் செக்-இன்னில் கார்டைக் காட்டச் சொல்லும்.

எடுத்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்ற அமெரிக்க விதியை நம்பி இரண்டு மூன்று டிக்கெட் வாங்கி வைக்கிறார்கள். புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்த விதி பொருந்தும். நாளைக்கான டிக்கெட்டுக்கு அதன் பாதுகாப்பு கிடையாது.

பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி நிரப்பச் சொல்லும், அவர்கள் தளத்தின் குறிப்பைப் பார்த்தே செய்யுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே பாருங்கள், குழந்தையின் பாஸ்போர்ட்டையும் சேர்த்து. விசா தேவை என்றால் பல தூதரகங்களில் மரணத்துக்கு அவசர நேர்காணல் தருவார்கள், அதற்கு மருத்துவமனையின் கடிதமோ சான்றிதழோ ஸ்கேன் செய்து தயாராக இருக்கட்டும்.

ஏற்கெனவே வேறு பயணத்துக்கு எடுத்த டிக்கெட் ஏதாவது இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ் காட்டினால் பல நிறுவனங்கள் ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும், விதியில் எழுதியிருக்காது, கேட்டால்தான் கிடைக்கும். அந்தப் பயணத்துக்கு முன்பே காப்பீடு இருந்தால், கார்டோடு வரும் காப்பீடானாலும் சரி, ‘பயணம் ரத்து’ என்ற பிரிவில் உரிமை கோரலாம். இப்போது புதிதாக வாங்கும் காப்பீடு நடந்துவிட்ட இறப்புக்குச் செல்லாது. இறப்புச் சான்றிதழ் நகல், உறவை நிரூபிக்கும் ஆவணம், பயன்படுத்தாத டிக்கெட், எல்லா ரசீதும் கேட்பார்கள். போர்டிங் பாஸைக்கூட எறியாதீர்கள்.

வெண்பறவை:
ஒருவருக்கு என்று போட்டுத் தேடியதும் விலை இறங்கியது. பக்கத்து விமான நிலையத்துக்கு, முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக, ஒரு கனெக்ஷனோடு, ஆளுக்கொரு பிஎன்ஆரில் எடுத்தாயிற்று. 13 இலக்க எண் இரண்டும் வந்துவிட்டது. குழந்தை என் பிஎன்ஆரில். குறிப்பு போடச் சொல்ல இப்போது அழைக்கிறேன்.

கட்டணக்கணக்கு:
நல்லது. அழைக்கும்போது குழந்தைக்கான இ-டிக்கெட் எண்ணும் தனியாக வெளியாகியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பெரியவருடையது வந்து குழந்தையுடையது வராமல் போவது அடிக்கடி நடக்கும், கவுன்டரில் போய்த்தான் தெரியவரும். முன்வரிசைத் தொட்டில் இருக்கை காலியாக இருந்தால் அதையும் அதே அழைப்பில் கேளுங்கள்.