வெர்னல் பூல், ஹைட்ரோபீரியட்: தமிழில் என்ன சொல்லலாம்?

தி. எழுதியது:

அன்பர்களே, களப்பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் இடிக்கின்றன. ஒன்று வெர்னல் பூல், அதாவது காட்டுக்குள் சில மாதம் நீர் நின்று பிறகு காய்ந்துவிடும் குட்டை. மற்றது, அதில் நீர் நின்ற நாள்களின் கணக்கு, அதாவது ஹைட்ரோபீரியட். இப்போதைக்கு 'இளவேனிற் குட்டை', 'நீர்க்காலம்' என்று வைத்திருக்கிறேன்.

மா. எழுதியது:

இளவேனில் வேண்டாம். வட அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் பனி உருகிக் குட்டை ததும்பும் பருவம் அது. அங்கேயே பல குட்டைகள் இலையுதிர் காலத்தில் நிரம்பத் தொடங்கிவிடும். பருவமழைக் காட்டுக்கோ பெயர் ஒட்டவே ஒட்டாது. வற்றுவதுதான் இதன் இலக்கணம். வற்றுவதால் மீன் தங்காது. மீன் இல்லாததால் தலைப்பிரட்டை பிழைக்கும். எனவே, நீர் அற்றுப்போகும் என்ற பொருளில் 'அறுநீர்க் குட்டை'. மூதுரையிலேயே இருக்கிறதே, 'அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்' என்று.

சு. எழுதியது:

அங்கே 'அறுநீர்' என்றொரு சொல்லே இல்லை, ஐயா. 'அறு நீர்ப்பறவை' என்று பிரிக்க வேண்டும். விட்டு நீங்குகிற நீர்ப்பறவை. அறுசுவை, அறுமுகம் படித்த மாணவர் இதை ஆறு நீர் என்றுதான் எண்ணுவார். 'வற்றுங் குட்டை' எல்லாருக்கும் விளங்கும். 'குட்டை' குறுமையைச் சொல்ல, 'குட்டம்' ஆழத்தைச் சொல்கிறது என்பதையும் யோசியுங்கள். கேரளத்தின் பள்ளமான குட்டநாட்டுக்குப் பெயர் வந்ததும்...

க. எழுதியது:

குட்டநாடு காத்திருக்கட்டும். இரண்டாவது சொல்தான் வில்லங்கம். 'நீர்க்காலம்' கார்காலம் போல ஒலிக்கிறது. 'ஈரக்காலம்' தவறு, நீர் போன பிறகும் மண் ஈரமாகவே இருக்கும். 'நீர் தங்கு காலம்' என்று யாரும் முன்மொழியுமுன் சொல்லிவிடுகிறேன்: ஏரிக்குள் வந்த நீர் வெளியேற எவ்வளவு நாளாகும் என்ற வேறோர் அளவுக்கு நீரியலில் அந்தச் சொல் வேண்டும்.

குட்டையின் வடிவத்தையும் சொல் தாங்க வேண்டும் என்று தி. தனிமடலில் கேட்டார். தேவையில்லை. 300 சதுர மீட்டர் பரப்பும் 60 செ.மீ. ஆழமும் உள்ள மூன்று குட்டைகளை எடுங்கள். கூம்பு வடிவில் 60 கன மீட்டர் நீர் பிடிக்கும். கிண்ண வடிவில் 90. நேர்க்கரையும் தட்டையான அடியும் இருந்தால் 180. ஆனால் மேற்பரப்பிலிருந்து ஆவியாதல் மட்டும் நாளுக்கு 5 மி.மீ. என்றால் மூன்றுமே 120 நாளில் வற்றும். வடிவம் வேலையைக் காட்டுவது கரையில். ஆழம் பாதியாகும்போது கூம்பின் பரப்பு 75 சதுர மீட்டர், கிண்ணத்தில் 150, தட்டையில் அதே 300. வட்டமான கூம்புக் குட்டையில் சதுர மீட்டருக்கு 20 செ.மீ. கரை இருந்தது 41 ஆகிவிடும். கரையோர மரவேர்கள் உறிஞ்சுவதும் பக்கவாட்டுக் கசிவும் கரை நீளத்தோடு போவதால், சிறிய குட்டை கடைசியில் விறுவிறுவென்று இறங்கும்.

கையேட்டில் இதையும் சேருங்கள்: அளவுகோல் மிக ஆழமான இடத்தில் நிற்க வேண்டும். தள்ளி நட்டால் நீர் இருக்கும்போதே 'வற்றியது' என்று பதிவாகும். இலைக்குப்பையின் மேலே அளக்காமல் மண்ணிலிருந்து அளக்க வேண்டும். அடியில் நீரைத் தாங்குவது களிமண் படலம் என்றால் அளவுகோலின் கம்பியை அதற்குள் துளைத்து இறக்கக் கூடாது. ஓட்டை வழியே நீர் போய்விடும்.

சு. எழுதியது:

அப்படியானால் 'நிலைநீர்க் காலம்'.

மா. எழுதியது:

நிலைநீர் என்றால் வற்றாத நீர் என்றும் படலாம். நேர் எதிர்ப்பொருள்!

க. எழுதியது:

'நீர் நிற்கும் காலம்'. தண்ணீர் நிற்கிறது என்றுதானே எவரும் சொல்கிறோம்?

சு. எழுதியது:

அது சொற்றொடர், கலைச்சொல் அன்று. வினைத்தொகையாக்கினால் 'நில்காலம்' என்று வரும், வாயில் நுழையவில்லை. தலைப்புக்கும் அட்டவணைக்கும் மூன்று சொல் நீளம்.

தி. எழுதியது:

நான்கு பேர் 'வற்றுங் குட்டை'க்கும் 'நீர் நிற்கும் காலம்' என்பதற்கும் சரி என்கிறார்கள், அதையே போடுகிறேன். இன்னொரு ஐயம்: குட்டை காய்ந்து, நடுவில் ஒரு மழையில் நிரம்பி, மறுபடி காய்ந்தால்?

க. எழுதியது:

இரண்டு தனிக் காலமாகப் பதியுங்கள், கூட்டாதீர்கள். முதல் வறட்சியிலேயே தலைப்பிரட்டைகள் செத்திருக்கும்; கூட்டுத்தொகை அதை மறைத்துவிடும். இத்தகைய குட்டைகளில் வாழும் சிறு இறால் போன்ற ஃபேரி இறாலின் முட்டையோ உலர்வதைத் தாங்கும்.

மா. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. எல்லாக் குட்டையும் கோடையில் வற்றுங் குட்டைதான். காட்டுக் குட்டைக்கென்று தனிப்பெயர் இன்னும் வரவில்லை. சொற்பட்டியலில் 'அறுநீர்க் குட்டை'யை மாற்றுச்சொல்லாகவேனும் சேர்க்கவும். சு. அவர்களே, 'வற்றுங்' என்பதில் அந்த 'ங்' எதற்கு? 'வற்றும் குட்டை' என்றே அச்சிடலாமே.