முழங்கால் போன பிளேயர் கோச் ஆனா எடுபடுமா? (காலித் ஜமீல் பத்தி)

லெஃப்ட்விங்_குமார்:
என் தம்பி ஃபுட்பால்ல ஸ்டாப்பர் பேக் (நடு டிஃபெண்டர்). லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சு, இனி போட்டியில ஆட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். இப்போ டி லைசென்ஸ் (கோச் ஆகுறதுக்கான முதல் படி) கோர்ஸ் போறேன்னு நிக்கிறான். பெரிய பேர் வாங்கினவனுக்கே கோச் வேலை நிலைக்கலயே, உனக்கென்னடான்னு அப்பா கேட்கிறார். அவனோ காலித் ஜமீலைப் பாருங்கங்கிறான். அவர் கதை நிஜமாவே அப்படியா?

மைதானப்புழுதி:
தம்பி சரியான ஆளைத்தான் காட்டுறார். காலித் குவைத்தில் பிறந்தவர். மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியான்னு மும்பை டீம்களுக்கு மிட்ஃபீல்டுல ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். காயம் மேல காயம், ஆட்டம் சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. 2009-ல் மும்பை எஃப்சி அவரை ஹெட் கோச் ஆக்கினப்போ வயசு 32.

அதுக்கப்புறம் நடந்ததை யாரும் பேசுறதில்ல. ஏழு வருஷம் அதே டீம். கோப்பை கிடையாது, பணம் கிடையாது, வருஷா வருஷம் ஐ-லீகிலிருந்து (அப்போ நாட்டோட முதல் டிவிஷன் லீக்) கீழே இறங்காம காப்பாத்துறதுதான் வேலை. 2016-ல் அனுப்பிட்டாங்க.

அடுத்து மிசோரம் கிளப் ஐசால். முந்தின சீசன்ல ஐ-லீகிலிருந்து கீழே இறங்கின டீம் அது. கோவா கிளப்புகள் லீகை விட்டுப் போனதாலதான் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. மும்பையில தன்கிட்ட ஆடின அஷுதோஷ் மேத்தாவையும் ஜயேஷ் ராணேவையும் கூட்டிட்டுப் போனார் (ராணே நம்ம சென்னையின் எஃப்சிக்கும் ஆடினவர்). சிரியாக்காரர் அல் அம்னா நடுவுல. மத்தபடி பெரும்பாலும் மிசோ பசங்க. 2017 ஏப்ரல் கடைசியில ஷில்லாங்குல அந்த ஊர் கிளப் லஜோங்கோட 1-1, அந்த ஒரு பாயிண்ட்ல லீக் கோப்பை. ஐசால் 37, மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து நாட்டோட லீகை ஜெயிச்ச முதல் கிளப்.

என்னைக் கேட்டா, ஐசால்ல வந்த கோப்பைக்கு மும்பையில தோத்துத் தோத்துக் கத்துக்கிட்டதுதான் முதலீடு.

ஸ்வீப்பர்77:
கதை நல்லாத்தான் இருக்கு ப்ரோ. ஆனா அவர் டீம் ஆடுறதைப் பார்க்கணுமே! எல்லாரும் பின்னாடி நின்னு, நீளமா அடிச்சு, செகண்ட் பாலுக்கு (மோதி விழுற பந்துக்கு) ஓடுறது. கொல்கத்தா கிளப்புகள் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரெண்டுலயும் கோச்சா இருந்தார், ரெண்டுலயும் நிலைக்கல. 2025 ஆகஸ்ட்ல இந்தியா கோச் ஆனார், அக்டோபர்ல மட்காவ்ல சிங்கப்பூர்கிட்ட 1-2, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறுற வாய்ப்பு போச்சு. நவம்பர்ல டாக்காவுல வங்கதேசத்துக்கிட்டயும் தோல்வி.

மைதானப்புழுதி:
சிங்கப்பூர் மேட்ச் எனக்கும் எரிச்சல்தான், அதுவும் சொந்த மண்ணுல. ஆனா அந்தத் தகுதிச் சுற்று குரூப் அவர் வர்றதுக்கு முன்னாடியே பாதி கெட்டுப்போச்சு. வந்த கொஞ்ச நாள்லயே சிஏஎஃப்ஏ (மத்திய ஆசிய) கோப்பையில தஜிகிஸ்தானை அவங்க ஊர்லயே 2-1 அடிச்சு, பெனால்ட்டியில ஓமனைத் தோற்கடிச்சு மூணாம் இடம் வாங்கினாரே, அதை ஏன் விட்டுட்டீங்க? நேஷனல் டீம் கோச்சுக்குப் பசங்க கைக்கு வர்றதே கொஞ்ச நாள். காலித் தினமும் கூட இருந்து டீம் கட்டுற ஆள். நார்த்ஈஸ்ட் யுனைடெட் கிளப்ல 2021-ல் நடுவுல பொறுப்பெடுத்து செமிஃபைனல் வரைக்கும் தூக்கிட்டுப் போனார். ஜாம்ஷெட்பூரை 2025-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) செமிக்கும் சூப்பர் கப் ஃபைனலுக்கும் கொண்டுபோனார். அழகா ஆடலன்னா ஒத்துக்கிறேன், அந்தச் சம்பளத்துக்கு அந்த ஸ்க்வாடை வச்சு வேற என்ன ஆடுறது?

லெஃப்ட்விங்_குமார்:
நன்றி அண்ணே. அப்பாகிட்ட ஐசாலைச் சொன்னா "ஒருத்தன் ஜெயிச்சான், மத்தவன்லாம்?"னு கேட்பார்.

மைதானப்புழுதி:
நியாயமான கேள்வி. டிக்கு அப்புறம் சி, பி, ஏ, ப்ரோன்னு ஏறணும், காசும் வருஷமும் ஆகும். அதனால ஐசாலைச் சொல்லாதீங்க, மும்பை எஃப்சி ஏழு வருஷத்தைச் சொல்லுங்க. தம்பிக்கு அது சம்மதம்னா கோர்ஸ் முடியுறதுக்கு முன்னாடியே பக்கத்து கிரவுண்டுல அண்டர்-13 பசங்க டீம் ஒண்ணைப் பிடிக்கச் சொல்லுங்க. முழங்கால் பேடு வாங்கிக் குடுங்க, டெமோ காட்டுறேன்னு குதிச்சிடப் போறார்.