பென்டாங்கிளின் முதல் ஆல்பம் எனக்குப் பழகிய விதம்

பென்டாங்கிள் என்ற பிரிட்டிஷ் ஃபோக் (நாட்டுப்பாட்டு) இசைக்குழுவைத் தேடிப் போனது கிதாருக்காகத்தான். கிதார் கலைஞர் பெர்ட் ஜான்ஷ் 1965-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் விழுந்து, அடுத்த வருடம் அவரும் இன்னொரு கிதார்காரரான ஜான் ரென்போர்னும் சேர்ந்து வாசித்த 'பெர்ட் அண்ட் ஜான்' வரைக்கும் வந்திருந்தேன். இந்த இருவரும் ஒரு குழுவில் இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் 1968-ல் வந்த 'தி பென்டாங்கிள்' ஆல்பத்தை ஓடவிட்டேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது டேனி தாம்சனின் டபுள் பேஸ், ஆளுயர வயலின்போல நிறுத்திவைத்து வாசிக்கும் அந்தக் கனத்த சத்தக் கருவி.

முதல் பாட்டு 'லெட் நோ மேன் ஸ்டீல் யுவர் தைம்' (தைம் ஒரு மணமூலிகைச் செடி). பூத்துக் குலுங்கும் பருவத்துப் பெண்களுக்கு, உங்கள் தோட்டத்தை எவனும் திருடிக்கொண்டு போக விடாதீர்கள் என்று சொல்லும் பழைய நாட்டுப்பாட்டு. ஜாக்கி மக்ஷீ அதை அழுது பாடவில்லை, பயமுறுத்தியும் பாடவில்லை. நிதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். குரலில் வராத துக்கமெல்லாம் பேஸில் இருக்கிறது. தாம்சன் வில்லை எடுத்து இழுக்கும் இடத்தை எத்தனை தடவை திரும்பக் கேட்டேன் என்று கணக்கே இல்லை.

தாம்சனும் டிரம்ஸ் வாசிக்கும் டெர்ரி காக்ஸும் அதற்கு முன்பு பிரிட்டிஷ் புளூஸ் இசைக்கலைஞர் அலெக்சிஸ் கார்னரோடு புளூஸ், ஜாஸ் வாசித்தவர்கள். கிதார்காரர்கள் லண்டன் ஃபோக் கிளப்புகளில் வளர்ந்தவர்கள். 1967-ல் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இருந்த ஹார்ஸ்ஷூ ஹோட்டலில் இந்த ஐந்து பேரும் தொடர்ந்து வாசித்து, கேட்பவர்கள் முன்னாலேயே ஒன்றாகக் கலந்தார்கள். ஏழு நிமிடம் ஓடும் 'பென்டாங்கிளிங்' பாட்டில் அந்தப் பழக்கம் தெரியும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்கிறார்கள். நடுவில் பேஸ் தனியாகப் போகிறதே, அதை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், விரல் நரம்பை விட்டு எழும் சத்தம் வரைக்கும் கிடைக்கும். கிங்க்ஸ், ஹூ என்ற ராக் குழுக்களின் ஆரம்பகால அதிரடிப் பாட்டுகளைத் தயாரித்த ஷெல் டால்மிதான் இந்த ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

என்னை மொத்தமாக உலுக்கியது 'ப்ரூட்டன் டவுன்'. வீட்டு வேலைக்காரனைக் காதலிக்கிறாள் ஒரு பெண். அண்ணன்மார் அவனை வேட்டைக்குக் கூட்டிப்போய்க் கொன்றுவிடுகிறார்கள். ரத்தம் தோய்ந்தபடி அவன் கனவில் வருகிறான். அவள் போய் உடலைக் கண்டெடுத்து மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், கடைசியில் பசி தாளாமல் எழுந்து வீட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கொலையைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தப் பசியைத் தாங்க முடியவில்லை. கொன்றவர்கள் இருக்கும் வீடுதானே அது! இவ்வளவு கொடுமையான கதைக்கு அடியில் தாளம் நிற்காமல் துள்ளுகிறது. ஒப்பாரிபோல் இழுத்துப் பாடியிருந்தால் ஒருமுறை கேட்டு மனம் கனத்து விட்டிருப்பேன். தாளம் இரக்கமே இல்லாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போவதால்தான் அந்தக் கதை என்னை விடவே இல்லை.

'பெல்ஸ்', 'மிராஜ்' நன்றாகவே இருக்கும். ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவிடமிருந்து எடுத்த 'ஹியர் மை கால்' மெதுவாகத்தான் பிடித்தது. 'வே பிஹைண்ட் த சன்' இன்னும் என்னோடு ஒட்டவில்லை.

பலரும் இந்தக் குழுவுக்குள் 1969-ன் 'பாஸ்கெட் ஆஃப் லைட்' வழியாகத்தான் வருகிறார்கள். 'லைட் ஃப்ளைட்' பிபிசி தொடருக்குத் தலைப்புப் பாடலானதால் அது பெரிய பெயர் வாங்கியது. அழகான ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேர் ஒரே அறையில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் பரபரப்பு முதல் ஆல்பத்தில்தான் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் முதல் பாட்டு, அப்புறம் நேராக 'ப்ரூட்டன் டவுன்' என்று போங்கள். 'பென்டாங்கிளிங்' ஒரு ராத்திரி அவசரமில்லாமல் கேட்க வேண்டியது.