ராஜபிளவை என்று நினைத்தேன்: ‘அவங்க்யுலர்’ என்ற சொல்லோடு எங்கள் அனுபவங்கள்

சோழிங்கநல்லூர்க்காரன்:

போன மார்ச்சில் ஆபீஸில் வருடாந்தர மதிப்பீடு. டீமில் இருப்பவர்கள் மேனேஜரைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதலாம். என்னைப் பற்றி வந்த ஐந்தாறு வரிகளில் ஒன்றில் ‘அவங்க்யுலர்’ என்று இருந்தது. 22 வருடமாக ஆங்கிலத்தில் மெயில் அடிக்கிறேன், அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்ததில் அதற்குப் பக்கத்தில் வந்தது ‘கார்பங்கிள்’ ஒன்றுதான். அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி முதுகில் கார்பங்கிள் வந்தது. ஊரில் ராஜபிளவை என்பார்களே, அதுதான். இரண்டு மாதம் டிரெஸ்ஸிங்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். அந்த ஞாபகத்தில், நம்மைச் சீழ்க்கட்டி என்று எழுதிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். மதியம் தயிர்சாதம்கூட இறங்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் போனில் அகராதியைத் திறந்தேன். ‘மாமாவைப் போன்ற, இளையவர்களிடம் அன்பும் கனிவுமாக நடந்துகொள்கிற’ என்று போட்டிருந்தது. துரைப்பாக்கம் சிக்னலில் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைக்கச் சொல்லாத குறை. உங்களில் யாருக்காவது இந்தச் சொல்லோடு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மொழிபெயர்ப்பு மேசை:

எனக்கு இது சோறு போடும் வேலை, அதனால் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆங்கிலச் சிறுகதையில் வயதான டாக்டர் ஒருவர் பக்கத்து வீட்டு இளம்பெண்ணைப் பார்த்து ‘அவங்க்யுலர்’ புன்னகை ஒன்று பூப்பார். ‘மாமாவைப் போலச் சிரித்தார்’ என்று எழுதி அனுப்பினேன். எடிட்டர் போனில் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, நம்மூர்ல மாமான்னா கட்டிக்கிற முறை ஆச்சே. கிழவருக்குப் பொண்ணு மேல ஒரு கண்ணுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?”

அவர் சொன்னது நியாயம்தான். அக்கா மகளைக் கட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். சரி, ‘தாய்மாமன்’ என்று மாற்றலாம் என்றால் கூடவே சீர்த்தட்டு, காதுகுத்து, மடியில் உட்காரவைத்து மொட்டை என்று ஒரு கல்யாண மண்டபமே வந்து நிற்கிறது. பாவம், அந்த டாக்டர் ஒரு சிரிப்புதான் சிரித்தார். கடைசியில் ‘ஒரு பெரியப்பாவின் கனிவோடு சிரித்தார்’ என்று போட்டு அனுப்பினோம்.

பழகப் பழக இன்னொன்றும் பிடிபட்டது. சொந்த மாமாவுக்கு இந்தச் சொல்லை அவ்வளவாகப் போடமாட்டார்கள். உறவே இல்லாத ஒரு மூத்த ஆணின் குரல், சிரிப்பு, புத்திமதி, தோரணை, இவற்றுக்குத்தான் அதிகம் வரும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தியைத் தந்த வால்டர் கிராங்கைட்டைப் பற்றிய கட்டுரைகளில் இந்தச் சொல் அடிக்கடி தட்டுப்படும்.

முன்னாள் செமினரி மாணவன்:

பெரியப்பாவா! ரோமானியர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள் மேடம். நான் மூன்று வருடம் லத்தீன் படித்துப் பாதியில் ஓடிவந்தவன், மிச்சம் இருப்பது இந்த மாதிரி சரக்குதான். இந்தச் சொல்லின் வேர் ‘அவுன்குலுஸ்’. அது அம்மாவின் சகோதரனை மட்டும்தான் குறிக்கும். தாத்தாவுக்கு ‘அவுஸ்’, அதைச் செல்லமாகச் சுருக்கினால் அவுன்குலுஸ், அதாவது குட்டித் தாத்தா. அப்பாவின் சகோதரனுக்கு வேறு சொல், ‘பத்ருவுஸ்’. அவர் கண்டிப்புக்குப் பேர்போனவர். பத்ருவுஸின் நாக்கு விளாசுவதற்குப் பயந்து கிடக்கும் பெண்களைப் பற்றி ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். செல்லம் கொடுப்பவர் மாமா, மிரட்டுபவர் பெரியப்பா. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

அத்தைக்கு ‘அமிதா’, அம்மாவின் அக்கா தங்கைகளுக்கு ‘மாதெர்தெரா’. அவுன்குலுஸ் பிரெஞ்சு வழியாகப் போய் ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ ஆனது, அமிதா ‘ஆன்ட்’ ஆனது. வேரைத் தோண்டினால் அங்கிள் தாய்மாமன், ஆன்ட்டி அத்தை. பேப்பர் போடுபவர் முதல் வாட்ச்மேன் வரைக்கும் நாம் அங்கிள் என்று கூப்பிடுகிறோம், அத்தனை பேரும் அம்மாவின் அண்ணன் தம்பிகள்!

இந்தச் சொல் என் மனதில் ஒட்டிக்கொண்டது இலக்கண வகுப்பில் அல்ல. கி.பி. 79இல் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்ததைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி பின்னாளில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘என் அவுன்குலுஸ் எப்படி இறந்தார் என்று எழுதச் சொல்கிறீர்கள்’ என்றுதான் அது தொடங்கும். அந்த மாமா மூத்த பிளினி, மிசேனம் துறைமுகத்தில் கப்பற்படைத் தலைவர். மலையில் எழுந்த மேகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கக் கிளம்பும்போது, வருகிறாயா என்று கேட்கிறார். பையனுக்கு 17 வயது. படிக்க வேண்டியிருக்கிறது என்று மறுத்துவிடுகிறான். அந்தப் படிப்பு வேலையை எழுதச் சொல்லிக் கொடுத்திருந்ததும் அதே மாமாதான். பார்க்கப் போனவர் ஆட்களைக் காப்பாற்றக் கப்பல்களை ஓட்டிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை.

டெல்லித் தமிழ்ப் பொண்ணு:

நவம்பர் 14, குழந்தைகள் தினம். நான் மூன்றாம் வகுப்பு. வகுப்பே ‘சாச்சா நேரு’ என்று கத்த, நான் மட்டும் வீட்டுப் பழக்கத்தில் ‘நேரு மாமா’ என்றேன். இந்தியில் சாச்சா என்றால் அப்பாவின் தம்பி, மாமா என்றால் அம்மாவின் சகோதரன், இரண்டும் கலக்கவே கலக்காது. பக்கத்து பெஞ்சுப் பையன் மதிய இடைவேளை முழுக்க, “அப்போ உங்கம்மா இந்திரா காந்திக்கு அத்தையா?” என்று குடைந்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, “கணக்கு சரியாத்தானே சொல்றான்” என்றார்.

கல்லூரி ஆசிரியை:

என்னுடையது சின்ன அவமானம். ஆண்டு விழா வரவேற்புரையில் ‘எங்கள் அவங்க்யுலர் முதல்வர் அம்மா அவர்களே’ என்று மைக்கில் சொன்னேன். ஆங்கிலத் துறைத் தலைவர் மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கு இது வராதாம். அந்த மாதெர்தெராவிலிருந்து ‘மெட்டர்டரல்’ என்று ஒன்று அகராதியின் மூலையில் கிடக்கிறது, ஆனால் பேச்சில் போட்டால் பல் மருத்துவம் என்று நினைப்பார்கள்.

சோழிங்கநல்லூர் சாருக்கு ஒரு கேள்வி. இது எப்போதுமே பாராட்டாக வருவதில்லை. ‘எனக்கு எல்லாம் தெரியும், நீ சின்னப் பிள்ளை’ என்று தோளைத் தட்டும் தொனிக்கும் இதைப் போடுவார்கள். உங்கள் படிவத்தில் அந்த வரி எந்தத் தலைப்புக்குக் கீழே இருந்தது?

சோழிங்கநல்லூர்க்காரன்:

மேடம், நீங்கள் கேட்டிருக்கவே வேண்டாம். படிவத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். ‘மாற்றிக்கொள்ள வேண்டியவை’ என்ற கட்டத்தில் இருக்கிறது. முழு வரி இதுதான்: ‘ரிவ்யூ மீட்டிங்குகளில் கொஞ்சம் அவங்க்யுலர். நாங்கள் எல்லோரும் முப்பது தாண்டியவர்கள்.’

எந்த மீட்டிங்கையும் நான் “எல்லாரும் சாப்ட்டீங்களாப்பா?” என்று கேட்டுத்தான் தொடங்குவேன். நேற்று கேட்கவில்லை, நேராக வேலைக்குப் போய்விட்டேன். பத்து நிமிடம் கழித்து ஒரு பெண் மைக்கை ஆன் செய்து, “என்ன சார், உடம்பு சரியில்லையா?” என்றாள்.